வீட்டோவை ஒழிப்பதா, பகிர்வதா, கட்டிப்போடுவதா? இலங்கையின் ஒரு வாக்கு எதற்கு?

காஸா பற்றிய தீர்மானமொன்று பாதுகாப்புச் சபையில் மீண்டும் தோற்றது என்று செய்தி வந்தால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பேர் கூடுமிடத்தில் இரண்டே கருத்துகள்தான் கிளம்பும். ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானத்தை மறித்துவிடும் வீட்டோவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பார் ஒருவர். அந்த ஐந்து நாடுகளும் ஒருநாளும் விடமாட்டா, கதைத்துப் பிரயோசனமில்லை என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 2009 முதல் ஐ.நா. பொதுச்சபையில் அரசுகளுக்கிடையே இழுபட்டுக்கொண்டிருக்கும் பேச்சுவார்த்தையில் இவை இரண்டுக்கும் நடுவே வேறு யோசனைகளும் கிடக்கின்றன. அங்கே இலங்கைக்கும் ஒரு வாக்கு உண்டு. அதை எந்த யோசனைக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய ஐந்தும் சம்மதிக்காமல் அது நடைமுறைக்கு வருமா? நமக்கு நெருக்கமாகத் தெரிந்த சம்பவங்களில் அது எதையாவது மாற்றியிருக்குமா? சம்பவங்கள் மூன்று: 1948இல் இலங்கையின் உறுப்புரிமை விண்ணப்பம், 2009இல் வன்னியில் நடந்த இறுதிப் போர், இன்றைய காஸா.

முதலாவதைப் பலர் மறந்துவிட்டார்கள். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் இலங்கை ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தது. பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையையும் திருகோணமலைத் தளத்தையும் காட்டி, இது உண்மையான சுதந்திர நாடு தானா என்று கேட்டு சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. அடுத்த ஆண்டும் அதே கதை. கடைசியில் 1955 டிசம்பரில் பதினாறு நாடுகளை ஒரே பொட்டலமாகக் கட்டிச் சேர்த்தபோதுதான் கதவு திறந்தது. அந்தப் பொட்டலத்திலிருந்தும் மொங்கோலியாவைச் சீனாவின் ஆசனத்தில் அப்போது இருந்த தாய்வான் அரசு வெட்டியது, ஜப்பானை சோவியத் வெட்டியது. ஏழு ஆண்டுகள் இலங்கை வெளியே நின்றதற்கு இலங்கையின் நடத்தை காரணமில்லை. இரண்டு வல்லரசுகள் தங்கள் ஆட்களை மாறி மாறி மறித்துக்கொண்டிருந்தன. 2024 ஏப்ரலில் பலஸ்தீனத்தின் முழு உறுப்புரிமைக்குப் பன்னிரண்டு நாடுகள் ஆம் என்று சொல்ல அமெரிக்கா ஒற்றையாக மறித்தபோது, கொழும்பில் இருப்பவர்களுக்கு அது புதுக் கதையாக இருந்திருக்கக் கூடாது.

இரண்டாவது சம்பவத்தில் நமக்கிடையே ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. "சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டு வன்னியைக் கைவிட வைத்தன" என்று மேடைகளிலும் பத்திகளிலும் அடிக்கடி வரும். 2009இல் இலங்கை பற்றிப் பாதுகாப்புச் சபையில் ஒரு வீட்டோவும் விழவில்லை. வரைவுத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. உத்தியோகபூர்வ நிகழ்ச்சிநிரலிலேயே இலங்கை ஏறவில்லை. மெக்சிக்கோ, ஒஸ்திரியா போன்ற சில நாடுகள் விடயத்தைக் கிளப்பின. உறுப்பினர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையொன்றில் முறைசாராமல் கூடிப் பேசினார்கள். மே 13ஆம் திகதி ஒரு ஊடக அறிக்கை வந்தது. அவ்வளவுதான்.

இங்கே ஐ.நா. சாசனத்தின் ஒரு நுணுக்கத்தைப் பார்க்க வேண்டும். 27ஆம் உறுப்புரைப்படி வீட்டோ எல்லா வாக்கெடுப்புக்கும் பொருந்தாது. நடைமுறை விடயங்களுக்குப் பதினைந்தில் எந்த ஒன்பது வாக்குகளும் போதும், ஐந்து பெரியவர்களின் எதிர்ப்பு அங்கே சாதாரண எதிர்ப்பு வாக்குதான். ஒரு நாட்டின் நிலைமையை நிகழ்ச்சிநிரலில் ஏற்றுவது அப்படிப்பட்ட நடைமுறை விடயம். 2006 செப்டெம்பரில் மியன்மாரை 10க்கு 4 என்று ஏற்றினார்கள், எதிர்த்தவர்களில் சீனாவும் ரஷ்யாவும் இருந்தன. 2014 டிசம்பரில் வடகொரியாவின் மனித உரிமை நிலைமையையும் அதே இரண்டு நாடுகளின் எதிர்ப்பை மீறி 11க்கு 2 என்று ஏற்றினார்கள். ஆக 2009இல் இலங்கையை மேசைக்குக் கொண்டுவர ஒன்பது வாக்குகள் போதுமாயிருந்தன. அந்த ஒன்பதைத் திரட்ட யாரும் துணியவில்லை. மேற்கு நாடுகள் தாங்கள் செய்யாததற்குச் சீனாவின் வீட்டோவைச் சாட்டுவது வசதி, நாங்களும் அதை நம்பிக்கொள்வது வசதி.

வீட்டோவுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லவரவில்லை. மேசைக்கு வந்தாலும் பின்னால் மறிக்கப்படும் என்று தெரிந்தால் வரைவு எழுதும் கையே சோர்ந்துவிடும். போருக்குப் பின்னரான பொறுப்புக்கூறலில் அதன் நிழல் இன்னும் நீளம். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தில் இலங்கை கைச்சாத்திடவில்லை, எனவே இலங்கை தானாக ஒப்புக்கொள்ளாதவரை, இங்கே நடந்தவற்றை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பக்கூடிய வழி பெரும்பாலும் பாதுகாப்புச் சபைதான். சூடானின் டார்பூரை 2005இலும் லிபியாவை 2011இலும் அனுப்பினார்கள். சிரியாவை அனுப்ப 2014 மே மாதம் பதின்மூன்று நாடுகள் வாக்களித்தும் ரஷ்யாவும் சீனாவும் மறித்தன.

இனி யோசனைகள்.

ஒழித்துவிடுவது என்ற முதல் யோசனை காதுக்கு இனிக்கும். ஆனால் 108ஆம் உறுப்புரை சாசனத் திருத்தத்துக்குப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டும், பிறகு மூன்றில் இரண்டு நாடுகளின் ஏற்புறுதியும் கேட்கிறது. அந்த ஏற்புறுதியில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் அடங்க வேண்டும். வீட்டோவை ஒழிப்பதற்கும் வீட்டோ உண்டு என்று பொருள். இதைச் சொன்னதும் கையை விரிப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்டலாம். 1963இல் பாதுகாப்புச் சபையைப் பதினொன்றிலிருந்து பதினைந்தாக விரிக்கும் தீர்மானம் வந்தபோது பிரான்ஸும் சோவியத்தும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒதுங்கி நின்றன. இரண்டே ஆண்டில் எல்லாரும் ஏற்புறுதி செய்தார்கள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் கூட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஆகவே ஐவரையும் நகர்த்த முடியாது என்பது விதியில்லை. ஆனால் அன்று கேட்டது கூடுதல் நாற்காலி, இன்று கேட்பது அவர்களின் கையிலிருப்பதை.

எனக்கு இந்த யோசனையில் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டோ இல்லாத சபை எப்படி நடக்கும் என்று பார்க்க நாம் ஊகிக்கத் தேவையில்லை, ஜெனீவாவில் ஒன்று இருக்கிறது. மனித உரிமைகள் பேரவையில் 47 ஆசனங்கள், யாருக்கும் வீட்டோ இல்லை. 2009 மே 27இல், போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாதபோது, இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29க்கு 12 என்று அங்கே நிறைவேறியது. 2012 மார்ச்சில் அதே பேரவை பொறுப்புக்கூறலைக் கேட்டு 24க்கு 15 என்று வாக்களித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தது பற்றிய உண்மை மாறவில்லை, மாறியது யார் யாரைப் பிடித்தார்கள் என்பது. எண்ணிக்கையில் வெல்லும் சபை நியாயமான சபையாகத்தான் இருக்கும் என்று இலங்கைத் தமிழர் ஒருவர் நம்பினால், அவர் தன் நாட்டின் வரலாற்றைப் படிக்கவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டங்களைத் தடுக்கும் என்றார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அது தடுக்கவில்லை, 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் தடுக்கவில்லை. 1972இல் அந்தப் பிரிவே போய்விட்டது. தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது (சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்றச் சமூகங்களுக்கெல்லாம் சேர்த்துப் பாதி) கேட்டதை அன்று பலர் பேராசை என்றார்கள். வேறு எதைச் சொன்னாலும், பெரும்பான்மை வாக்கை எதுவும் மறிக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற பயம் அதற்குள் இருந்தது, அந்தப் பயம் பொய்க்கவில்லை.

ஆகவே மறிக்கும் அதிகாரம் என்பதையே அநீதி என்று என்னால் சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் ஒரு மொழிக் குழுவின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் சேர்ந்தால், தங்களைப் பாதிக்கும் சட்டமூலத்தை இடைநிறுத்தி அமைச்சரவைக்குத் திருப்பி அனுப்பலாம். எண்ணிக்கையில் தோற்கக்கூடியவர்களிடம் அந்தப் பிடி இருக்கிறது. பாதுகாப்புச் சபையின் வீட்டோ தலைகீழ். அணுவாயுதமும் பெரும் படையும் உள்ள ஐந்து நாடுகளுக்குப் பெரும்பான்மையிடமிருந்து பாதுகாப்பு; மாலைதீவுக்கும் இலங்கைக்கும் பலஸ்தீனத்துக்கும் ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது அதுதான்.

இரண்டாவது யோசனை பகிர்வது. இந்தியா, ஜப்பான், ஜேர்மனி, பிரேசில் ஆகிய நான்கும் 2005இல் முன்வைத்த வரைவு ஆறு புதிய நிரந்தர ஆசனங்களைக் கேட்டது, புதியவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு வீட்டோவைப் பயன்படுத்தாமல் பிறகு மீளாய்வு செய்யலாம் என்றும் சொன்னது. ஆபிரிக்க ஒன்றியத்தின் நிலைப்பாடு இன்னும் நேரானது: வீட்டோ ஒழியட்டும், ஒழியாவிட்டால் எங்கள் இரண்டு நிரந்தர ஆசனங்களுக்கும் அதைத் தாருங்கள். ஒரு கண்டம் முழுவதற்கும் நிரந்தர ஆசனம் இல்லாத சபையில் அந்தக் கோரிக்கையின் நியாயத்தை மறுக்க முடியாது. இந்தியாவுக்கு நிரந்தர ஆசனம் வேண்டும் என்பதைக் கொழும்பு அரசாங்கமும் ஆதரித்திருக்கிறது.

ஆசனம் சரி. வீட்டோவோடு சேர்ந்த ஆசனம் என்றால், இந்தியாவுக்கு முப்பது கிலோமீற்றர் அளவு கடலுக்கு இப்பால் இருக்கும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தமிழர் மத்தியில் பலருக்கு டில்லியின் வீட்டோ நமக்குக் கேடயமாகும் என்று ஒரு ஆசை இருக்கிறது. ஜெனீவாவில் இந்தியா எப்படி வாக்களித்தது என்று வரிசையாகப் பாருங்கள்: 2009இல் இலங்கை அரசின் பக்கம், 2012இலும் 2013இலும் அதற்கு எதிராக, 2014, 2021, 2022 மூன்றிலும் நடுநிலை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பெரிய நாடு தன் நலனைப் பார்த்து நடந்திருக்கிறது. கேடயம் என்று நம்பக்கூடிய பொருள் இப்படி ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறாது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொலைவிலுள்ள வல்லரசு ஒரு வீட்டோவைப் போட்டுவிட்டு நம்மை மறந்துவிடலாம். அயலிலுள்ள வல்லரசு நம் விவகாரத்தில் எப்போதும் ஒரு தரப்பாக இருக்கும், அதன் வீட்டோ நம் மீதே வந்து விழும் வாய்ப்பும் அதிகம். இந்தியாவுக்குப் பாகிஸ்தானும் பிரேசிலுக்கு ஆர்ஜென்டீனாவும் ஜேர்மனிக்கு இத்தாலியும் முட்டுக்கட்டை போடுவது பொறாமையால் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்ன அயல்நாடுகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் அதே கணக்குத்தான் காரணம்.

இந்த யோசனை மூன்று சம்பவங்களில் எதையும் நல்லதாக மாற்றியிருக்காது. மறிப்பவர்கள் ஐந்திலிருந்து பதினொன்றாகியிருப்பார்கள்.

மூன்றாவது, இருவர் மறித்தால்தான் மறிப்பு என்று விதியை மாற்றுவது. பல ஆய்வாளர்களின் மேசையில் கிடக்கும் பழைய யோசனை இது. சம்பவங்களோடு பொருத்திப் பார்த்தால் ஆச்சரியமாக வேலை செய்கிறது. 1948இல் நிரந்தர உறுப்பினர்களில் சோவியத் ஒன்றுதான் எதிர்த்தது, இலங்கை ஏழு ஆண்டு முன்பே உள்ளே போயிருக்கும். காஸாவில் 2024 நவம்பர், 2025 ஜூன், 2025 செப்டெம்பர் மூன்று வாக்கெடுப்பும் 14க்கு 1, மூன்றும் நிறைவேறியிருக்கும். உக்ரேன் பற்றி 2022 பெப்ரவரியில் ரஷ்யா ஒற்றையாக மறித்த தீர்மானமும் அப்படியே. ஆனால் சிரியாவை எடுத்தால் கணக்கு உடைகிறது, அங்கே பல தடவை ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்தே மறித்தன. மியன்மாரில் 2007இலும் அப்படித்தான். வன்னி வாக்கெடுப்புக்கு வந்திருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கலாம். நிலையான சோடி இன்று ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், இந்த விதியில் அதிகம் இழப்பது அமெரிக்கா. அமெரிக்க செனட் இதற்கு ஏற்புறுதி கொடுக்கும் என்று எதிர்பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடிய கோரிக்கை, இந்தப் பத்தாண்டுக்கு உதவாது.

சர்வதேச நாணய நிதியம்போல வாக்குக்கு எடை போடுவது என்றும் ஒரு யோசனை உண்டு. அங்கே முக்கிய முடிவுகளுக்கு 85 வீதம் வேண்டும், அமெரிக்காவிடம் பதினாறரை வீதமளவு இருக்கிறது, ஆக வீட்டோ என்ற பெயர் இல்லாத வீட்டோ. கடன்கொடுத்த நாடுகளின் உறுதிக் கடிதங்கள் ஒவ்வொன்றாக வருவதற்காக 2023 மார்ச் வரை கொழும்பு காத்துக் கிடந்ததை அனுபவித்த யாரும் இதற்கு வாக்குப் போடமாட்டார்கள். மேலே போகலாம்.

நான்காவது, தானாகக் கட்டுப்படுவது. பேரளவு அட்டூழியங்கள் நடக்கும்போது வீட்டோ பயன்படுத்த மாட்டோம் என்று ஐவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என பிரான்ஸும் மெக்சிக்கோவும் 2015இல் பிரகடனம் கொண்டுவந்தன. அதே ஆண்டு சிறிய நாடுகளின் குழுவொன்று ஒரு நடத்தைக் கோவையையும் எழுதியது, நூற்றிருபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. நடத்தைக் கோவையில் ஐவரில் பிரான்ஸும் பிரித்தானியாவும் இருக்கின்றன. அந்த இரண்டும் 1989இல் பனாமா விடயத்துக்குப் பிறகு வீட்டோவைத் தொட்டதே இல்லை, கையில் எடுக்காததைக் கீழே வைப்பதாகச் சத்தியம் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. ரஷ்யா 120க்கு மேலும் அமெரிக்கா 80க்கு மேலும் வீட்டோக்களைப் பயன்படுத்தியிருக்கின்றன, அவை இரண்டும் சேரவில்லை, சீனாவும் இல்லை.

அடுத்தது பொதுச்சபை வழி. 1950ஆம் ஆண்டின் 'சமாதானத்துக்காக ஒன்றிணைதல்' தீர்மானத்தின்படி பாதுகாப்புச் சபை முடங்கினால் பொதுச்சபை அவசரமாகக் கூடிப் பரிந்துரை செய்யலாம். 1956இல் சுயெஸ் நெருக்கடியில் பிரித்தானியாவும் பிரான்ஸும் வீட்டோ போட்டதும் இந்த வழியில்தான் ஐ.நா.வின் முதல் அவசரப் படை உருவானது. அப்போது அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே பக்கம் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காஸாப் போர்நிறுத்தத்துக்கு 153 நாடுகள் வாக்களித்தும் குண்டு நிற்கவில்லை. லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு முன்னின்று 2022 ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானம் இதற்கு ஒரு பல்லைச் சேர்த்தது: யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கும். ஐவரின் சம்மதம் தேவைப்படவில்லை, நடந்தும் விட்டது. குறை என்னவென்றால் வீட்டோ விழுந்தால்தான் இந்த மணி அடிக்கும். 2009இல் வீட்டோ விழவில்லையே.

கடைசி வழி சாசனத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. 27ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியின் இறுதி வரி, பிணக்கொன்றில் தரப்பாக இருக்கும் உறுப்பினர், பிணக்குகளைச் சமாதானமாகத் தீர்ப்பது பற்றிய ஆறாம் அத்தியாயத்தின் கீழான முடிவுகளில் வாக்களிக்காமல் விலக வேண்டும் என்கிறது. நிரந்தர உறுப்பினருக்கு விதிவிலக்குக் கிடையாது. 1960இல் ஐக்மன் என்ற நாஸிக் குற்றவாளியை இஸ்ரேல் ஆர்ஜென்டீனாவின் மண்ணிலிருந்து கடத்திச் சென்றதை அந்த நாடு முறையிட்டபோது, அப்போது சபை உறுப்பினராக இருந்த ஆர்ஜென்டீனா அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. அந்த ஆண்டு இலங்கையும் சபையில் ஆசனம் வகித்தது, நம் பிரதிநிதி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு இந்த வரியை எல்லாரும் வசதியாக மறந்தார்கள். 2022 பெப்ரவரி 25இல் உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்யா, அந்த மாதத்துக்கான தலைமை நாற்காலியில் இருந்தபடியே அந்தப் படையெடுப்பைப் பற்றிய தீர்மானத்தை மறித்தது.

இந்த வரியைத் தட்டியெழுப்ப சாசனத் திருத்தம் தேவையில்லை. சபையில் உள்ள ஒரு உறுப்பினர் கையை உயர்த்தி ஆட்சேபித்தால் போதும், அது பதிவாகும். வலுக்கட்டாய நடவடிக்கை பற்றிய ஏழாம் அத்தியாயத்துக்கு அது எட்டாது, யார் தரப்பு என்பதிலும் சண்டை வரும். காஸாவில் அமெரிக்கா தரப்பா, ஆயுதம் கொடுப்பவர் மட்டுமா? இலங்கை விடயத்தில் சீனா தரப்பே இல்லை. எல்லாப் பூட்டுக்கும் இந்தச் சாவி பொருந்தாது.

ஆனாலும் என் வாக்கு இந்தக் கடைசி இரண்டுக்கும், அவற்றோடு சேர்த்து நிகழ்ச்சிநிரலுக்கான ஒன்பது வாக்கு வழிக்கும்தான். இவை ஐவரின் தயவில் இல்லை. இரட்டை மறிப்பை நீண்டகாலக் கோரிக்கையாக வைக்கலாம். புதிய வீட்டோக்களுக்கு, அது யார் கேட்டாலும், இலங்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆசனத்தை ஆதரித்துக்கொண்டே அதைச் சொல்ல முடியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைப்பானேன். கொழும்பில் எந்தக் கட்சி ஆண்டாலும் வெளிவிவகார அமைச்சுக்கு உள்ளூரப் பிடித்த யோசனை, இருப்பதை இருக்கிறபடி விடுவதுதான். நாடுகளைப் பெயர் சுட்டி வரும் தீர்மானங்களை எதிர்ப்பது அங்கே அரசுகள் மாறினாலும் மாறாத வழக்கம். பீஜிங்கினதும் மொஸ்கோவினதும் நிழலை இழக்க அங்கே ஒருவருக்கும் அவசரமில்லை, ஒன்பது வாக்கு வழி பழகிவிட்டால் நாளைக்கு அதில் ஏறுவது இலங்கையாகவும் இருக்கலாம். காஸாவுக்காகப் பொதுச்சபையில் கைதூக்கும் அதே அரசு, உக்ரேனுக்கு 2022 மார்ச்சில் நடுநிலை வகித்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தால் விளங்கும். பாதுகாப்புச் சபைச் சீர்திருத்தத்தை ஆதரிக்கிறோம் என்று அடுத்த முறை நியூயோர்க்கில் நம் பிரதிநிதி வாசித்தால், நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிவிவகார அமைச்சரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்த உறுப்புரையை, 108ஐயா, 27ஐயா? 108 என்று பதில் வந்தால், ஐவரும் சம்மதிக்கும்வரை எதுவும் செய்யவேண்டியதில்லை என்று அமைச்சு முடிவெடுத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.